தையலுக்கு மேல் ஒரு பட்டை

அந்த அக்கா யாரையும் முகத்தைப் பார்த்து ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார். கடைக்குள் ஓர் ஆள் நுழைந்தால் அவர் கண் முதலில் அந்த ஆளின் தோளில் தொங்கும் பைக்குப் போகும். பை இல்லாவிட்டால் இடுப்பு பெல்ட்டுக்கு. அதுவும் இல்லாவிட்டால் செருப்பு வாருக்கு. அங்கே தையல் என்ன நிலையில் இருக்கிறது என்று பார்த்து முடித்த பிறகுதான் "வாங்க" என்பார். ஒரு தேர்தலின்போது ஓட்டுக் கேட்டு ஒருவர் கூட்டத்தோடு வந்து கும்பிட்டார். அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "எடது கால் செருப்புல தையல் உட்டுப்போச்சுங்க, கழட்டுங்க" என்றார். அவரும் கழற்றிக் கொடுத்துவிட்டு, பத்து நிமிடம் ஒற்றைக் காலில் நின்றபடியே தன் வாக்குறுதிகளைச் சொல்லி முடித்தார்.

நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கும் சாலை ஒன்றில் அவருக்குத் தார்ப்பாய் தைக்கும் கடை. பக்கத்துக் கடை என்னுடையது. ஜெராக்ஸ், லேமினேஷன், லாரிக்காரர்களுக்கு வேண்டிய மனுக்களை டைப் அடித்துக் கொடுப்பது. எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் இருந்த சுவர் கூரை வரைக்கும் போகாது. அவருடைய மிஷின் சத்தம் என் கடைக்கு வரும், என் வாடிக்கையாளர்களின் வண்டவாளம் அவர் கடைக்குப் போகும். இப்படி ஒன்பது வருடம். பிறகு நான் கடையைக் காலி செய்துகொண்டு, சேலத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டிக்குக் குடிவந்துவிட்டேன்.

லாரித் தார்ப்பாய் ஒரே துணியில் வராது. மூன்று நான்கு அகலத்தைச் சேர்த்துத் தைக்க வேண்டும். சேர்த்த இடம் மேடாக நிற்கும். பாரம் ஏற்றிக் கயிறு போட்டு இறுக்கினால், லாரி ஆடும்போதெல்லாம் கயிறு அந்த மேட்டில்தான் போய் உரசும். துணிக்கு ஒன்றும் ஆகாது. நூல் தேய்ந்து அறுந்துவிடும். அதற்காகக் கயிறு படும் இடங்களில் தையலுக்கு மேல் ஒரு பட்டைத் துணியை வைத்து அடிப்பார்கள். எல்லாக் கடையிலும் உள்ள வழக்கம்தான். மற்ற கடைக்காரர்கள் கயிறு படும் இடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அக்கா நிறுத்தவில்லை.

"நூலுதான அம்மிணி எல்லாத்தயும் புடிச்சுக்கிட்டு நிக்குது? அதக் கொண்டுபோயி மேல வெச்சு ஒரச உடலாமா?" என்பார். அந்த ஊர்ப் பக்கம் பெண்பிள்ளைகளை அன்பாக அம்மிணி என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள். இருந்தாலும் நான் அவருக்கு அம்மிணிதான்.

தோல் சாமான் வந்தால் இன்னும் மோசம். தையல் போகும் வழியெல்லாம் கத்தி முனையால் மெல்லிய பள்ளம் ஒன்று கீறி, நூல் அந்தப் பள்ளத்துக்குள் அமிழ்ந்து கிடக்கும்படி தைப்பார். தைத்து முடித்ததும் கட்டைவிரலால் அதன் மேல் ஒரு தடவு தடவிப் பார்ப்பார். விரலில் நூல் தட்டுப்பட்டால் பிரித்துவிட்டு மறுபடியும் தைப்பார்.

அவர் வீட்டுக்காரரை நான் மாமா என்பேன். துணி வெட்டுவது அவர் வேலை. நாள் முழுக்கச் சேர்த்துப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவருடைய சட்டைகளுக்குக் காலரில் ஒரு பட்டை, தோளில் ஒரு பட்டை, கக்கத்தில் ஒரு பட்டை. தூரத்திலிருந்து பார்த்தால் போருக்குக் கிளம்பிய ஆள் மாதிரி இருக்கும். அந்த வீட்டில் தலையணை உறைக்கும் டிவி ரிமோட் உறைக்கும்கூடப் பட்டை உண்டு.

ஏன் இப்படி என்று நான் மூன்று தடவை கேட்டிருக்கிறேன். முதல் தடவை, சின்ன வயதில் மோகனூரில் ஆற்றைத் தாண்டும்போது பள்ளிக்கூடப் பை பிரிந்து புத்தகமெல்லாம் காவிரியில் போய்விட்டது என்றார். இரண்டாம் தடவை கேட்டபோது, கல்யாணமான புதிதில் கரும்பு வண்டி மாட்டின் கழுத்துப் பட்டை அறுந்து, மாடு சர்க்கரை ஆலைக்குள் புகுந்துவிட்டது என்றார். மூன்றாம் தடவை, "சும்மாதான் அம்மிணி. பாக்கச் சகிக்கலே" என்றார். அதுதான் உண்மை என்று நினைக்கிறேன்.

அவர் குணத்தின் முழு வீச்சையும் நான் அனுபவித்தது என் கைப்பையால்தான். எங்கள் பத்தாவது கல்யாண நாளுக்கு என் வீட்டுக்காரர் சென்னையிலிருந்து ஒரு தோல் கைப்பை வாங்கி வந்தார். தேன் நிறம். ஓரமெல்லாம் வெள்ளை நூலில் பளிச்சென்று தையல். அதுதான் அந்தப் பையின் அழகே. முதல் நாள் கடைக்கு எடுத்துப் போனபோது அக்கா பையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் சுவருக்கு மேலிருந்து குரல் வந்தது: "அம்மிணி, அந்தத் தையலு அம்மணமா நிக்குதே, உனக்கு ஒண்ணும் தோணலியா?"

நான்காம் நாள் மதியம் நான் ஒரு தப்புச் செய்தேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரை போக வேண்டியிருந்தது. "கொஞ்சம் பாத்துக்குங்கக்கா" என்று பையை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தால், பையின் நான்கு மூலையிலும் பச்சைத் தார்ப்பாய்த் துணியில் பட்டை. கைப்பிடி சேரும் இடத்தில் இன்னும் இரண்டு. வெள்ளைத் தையல் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

"பாத்துக்கச் சொன்னீல்ல? பாத்துக்கிட்டேன்" என்று சிரித்தபடி நீட்டினார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் என் வீட்டுக்காரர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கடி ஆக்சிடென்ட் ஆச்சு இதுக்கு?" என்றார். அடுத்த நாளிலிருந்து நான் அக்காவோடு பேசுவதை நிறுத்தினேன். பதினோரு நாள் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் மனசு கேட்காமல் நானே போய், "என் மேல கோவமாக்கா?" என்று கேட்டேன். அவர் திகைத்துப் போய், "எதுக்கு அம்மிணி கோவம்?" என்றார். நாங்கள் பேசாமல் இருந்ததே அவருக்குத் தெரியவில்லை.

அந்தப் பையில் இரண்டு வருடத்தில் ஜிப் போனது. பிறகு உள்துணி கிழிந்தது. கடைசியில் தோலே வெடித்துவிட்டது. தூக்கிப் போடுவதற்கு முன் அக்காவிடம் காட்டினேன். மூலையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பையிதான் செத்துப் போச்சு. தையலுக்கு ஒண்ணும் ஆகுல பாரு" என்றார் பெருமையாக.

லாரிக்காரர்கள் அவருக்குப் பட்டையக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். ரேஷன் கார்டில் இருக்கும் பெயரைச் சொன்னால் அந்தச் சாலையில் யாருக்கும் தெரியாது. பட்டை என்பது நம் ஆட்கள் வாயில் சாராயத்துக்கும் பெயர் என்பதை யாரும் யோசிக்கவில்லை. அதனால் ஒரு நாள் வினை வந்தது.

ராசிபுரத்து டிரைவர் ஒருவர் இருந்தார். நல்ல மனுசன். ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். கோயிலில் வைத்துச் சத்தியம் வாங்கி அதை நிறுத்தியிருந்தாள் அவருடைய சம்சாரம். அன்றைக்கு அவர் என் கடையில் பர்மிட் பேப்பரை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே சம்சாரத்தோடு போனில் பேசினார். "சாப்பிட வர நேரமாகும். பட்டையக்கா கடையில இருக்கறேன். ரெண்டு பட்டை போட்டுட்டுக் கெளம்பி வாரேன்."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தார்ப்பாய்க்கு இரண்டு பட்டை போட வேண்டியிருந்தது.

முக்கால் மணி நேரத்தில் அந்தப் பெண் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். கையில் ஒரு கட்டைப்பை. நேராக என் கடைக்கு வந்து, "எங்கீங்க இங்க பட்டை விக்கறவ?" என்றாள். எனக்கு விஷயம் புரிவதற்குள் பக்கத்துக் கடையிலிருந்து அக்காவே எழுந்து வந்தார்.

"நாந்தானுங்க. உங்களுக்கு எத்தன அடி வேணும்?"

"அடியா? அடி உனக்குத்தாண்டி வெச்சிருக்கறேன்! குடும்பத்தக் கெடுக்கறதுக்குன்னே ரோட்டு மேல கடை போட்டு உக்காந்துக்கிட்டு..."

டிரைவர் லாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். நான் ஓடிப் போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தேன். அவள் திமிறினாள். பட்டறைகளில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். அக்கா மட்டும் அவள் திட்டுவதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அவர் கண் அவள் கையில் இருந்த கட்டைப்பை மேல் இருந்தது.

"சாமி, அந்தப் பையக் கொஞ்சம் இப்படிக் குடு. காது பிரியப் போவுது."

திட்டிக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து பையை உருவிக்கொண்டு போய் மிஷினில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே இருந்த தக்காளியையும் தேங்காயையும் மாமா பொறுப்பாக எடுத்து மேசையில் அடுக்கினார். அந்தப் பெண் மிஷினுக்கு முன்னால் நின்று இன்னும் கொஞ்ச நேரம் திட்டினாள். ஒருவர் நமக்காக வேலை செய்துகொண்டிருக்கும்போது எவ்வளவு நேரம்தான் திட்ட முடியும்? குரல் இறங்கிக்கொண்டே வந்தது. சுற்றிலும் பார்த்தாள். துணிச் சுருள், நூல் கண்டு, ஆணியில் தொங்கும் பட்டைகள். கடைசியில் மெதுவாக, "இதுக்குப் பேருதான் பட்டைங்களா?" என்றாள்.

"ஆமா சாமி. வேற எதுக்கு?" என்றார் அக்கா, நூலைப் பல்லில் கடித்து அறுத்தபடி.

அதன் பிறகு அந்தப் பெண், "போயி பட்டையக்கா கடையில ரெண்டு பட்டை போட்டுக்கிட்டு வா" என்று தன் வாயாலேயே புருஷனை அனுப்புவாள்.

இப்படி ஊர் மெச்ச ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அக்காவுக்குப் புதிதாக ஒரு கவலை பிடித்தது. பட்டை வைத்து அடித்தாலும், பட்டையின் இரண்டு ஓரத்திலும் தையல் போகிறதே, அதை யார் காப்பாற்றுவது? அந்தத் தையலுக்கு மேல் இன்னொரு பட்டை வைத்தால் அதற்கும் இரண்டு ஓரம் வரும். இதை யோசித்து யோசித்து நாலைந்து நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு மெழுகுதான் வழி என்று முடிவுக்கு வந்தார். ஊசித் துளையும் அடைபடும், நூலும் வழுக்கிக்கொண்டு போகும், உரசாது. நல்ல யோசனைதான். வெறும் மெழுகு காய்ந்து உதிர்கிறது என்று, அதைத் தேங்காய் எண்ணெய் விட்டுக் காய்ச்சியதுதான் வம்பாகப் போனது.

ராசிபுரத்து டிரைவருக்குப் புதுத் தார்ப்பாய். அதில்தான் முதல் சோதனை. பட்டையின் இரண்டு ஓரத்திலும் தடவித் தேய்த்து, வெயிலில் விரித்துக் காயவைத்துக் கொடுத்தார். பொங்கல் வந்தது. டிரைவர் லாரியை நிறுத்திவிட்டு, தார்ப்பாயை மடித்து வீட்டில் கடலைக்காய் மூட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். பொங்கல் கழிந்து ஐந்தாம் நாள் அதைத் தோளில் சுமந்துகொண்டு வந்து கடை வாசலில் போட்டு விரித்தார். முகத்தில் கோபம் இல்லை. ஒரு மாதிரி பிரமை பிடித்ததுபோல் இருந்தார்.

எலிகள் மூட்டைக் கடலைக்காயைத் தொடவே இல்லை. தேங்காய் எண்ணெய் மெழுகு மணத்தது போலிருக்கிறது. பட்டையை ஒட்டி மெழுகு தடவிய வழியே, இம்மி பிசகாமல், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் தின்றிருந்தன. அளவெடுத்துத் தின்ற மாதிரி இருந்தது. தார்ப்பாய் தனித்தனித் துண்டாகக் கிடந்தது. அடியில் இருந்த தையலோடு பட்டைகள் மட்டும் முழுசாகக் கையோடு வந்தன.

"அக்கா, உங்க பட்டையெல்லாம் நெம்ப நல்லா இருக்குதுங்க" என்றார் டிரைவர். "தார்ப்பாய்தானுங்க இல்லெ."

நான் சிரிப்பை அடக்க என் கடைக்குள் ஓடிவிட்டேன். அக்கா அன்று முழுக்க அந்தத் துண்டுகளை மோந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் அந்த மெழுகில் வேப்பெண்ணெயை ஊற்றிக் காய்ச்ச ஆரம்பித்தார். அந்த வாடை சுவரைத் தாண்டி வந்தது. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் வாசலிலேயே நின்று பேப்பரை நீட்டினார்கள். சாயங்காலம் மாமா எழுந்து, அடுப்பிலிருந்த சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு வந்தார்.

"போதும்" என்றார். அன்றைக்கு அவர் பேசியது அந்த ஒரே வார்த்தைதான்.

புதுத் தார்ப்பாய் ஒன்றைத் தன் செலவில் தைத்துக் கொடுப்பதாக அக்கா டிரைவரிடம் சொல்லிவிட்டார். அவர் வேண்டாம் என்று சொல்லியும் அக்கா கேட்கவில்லை. மிஷினில் அடித்த பிறகு மூலைகளைக் கையால் தைக்கத் தரையில் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் மதியம் சுவருக்கு மேலிருந்து, "அம்மிணி, சித்த வா" என்று குரல் கேட்டது. அந்தக் குரல் எனக்குப் புதிது.

போய்ப் பார்த்தால், உட்கார்ந்த இடத்திலிருந்து அவரால் எழ முடியவில்லை. முகம் வெளுத்திருந்தது. சேலையில் ரத்தம். மாமா சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். நான் கைகொடுத்துத் தூக்கினேன். எட்டு மாதமாகவே அதிகமாகப் போகிறது, வலியும் இருக்கிறது என்று அப்போதுதான் சொன்னார்.

"இத்தன நாளா ஏங்க்கா சொல்லலே?"

"நின்னு போற வயசுதானன்னு இருந்துட்டேன்."

அடுத்த நாளே சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அஸ்தம்பட்டியில் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே இருந்த டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் பெரிய கட்டிகள் இருக்கின்றன, ரத்தம் ரொம்பக் குறைந்திருக்கிறது, தள்ளிப்போட முடியாது, எடுத்துவிட வேண்டும் என்றார். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எத்தன அங்குலத்துக்குங்க பிரிப்பீங்க?" என்று கேட்டார் அக்கா.

டாக்டரம்மா விரலால் காட்டினார்.

"ஒத்தத் தையலுங்களா, ரெட்டைத் தையலுங்களா?"

"உள்ளே ஒவ்வொரு அடுக்கா தைச்சுக்கிட்டு வருவோம்மா."

"மேல பட்டை ஏதாச்சும் வெப்பீங்களா?"

"பட்டையா?"

"பிளாஸ்திரியக் கேக்கறாங்க டாக்டர்" என்றேன் நான்.

வெளியே வந்ததும், வேறு ஒரு டாக்டரிடமும் காட்டிக் கேட்கலாமா என்றேன். அக்கா வேண்டாம் என்றுவிட்டார். "மேசைல அந்தம்மா பை இருந்துதே, பாத்தியா? கைப்பிடில தையல் உள்ளுக்குள்ள அமுங்கி இருக்குது. அப்படிப் பாத்து வாங்கத் தெரிஞ்சவங்க நல்லாத்தான் தெப்பாங்க." இப்படித்தான் அவர் தன் டாக்டரைத் தேர்ந்தெடுத்தார்.

ரத்தம் ஏற்றி, பத்து நாள் கழித்து ஆபரேஷன். பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக்கூடாது என்பதால் மாமாவை நாமக்கல்லுக்கு அனுப்பிவிட்டு நான்தான் கூட இருந்தேன். அவர்களுடைய ஒரே மகன் எங்கோ வடக்கே ரிக் வண்டியில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தான், அவனால் உடனே வர முடியவில்லை. தியேட்டருக்குள் கூட்டிக்கொண்டு போவதற்கு முன் அக்கா என்னைக் கிட்டே கூப்பிட்டார். கண்ணில் தண்ணீர் இருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"அம்மிணி, உள்ள ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா... கடைல முடிக்காத தார்ப்பாய் ரெண்டு கெடக்குது. மாமாவுக்கு மூலை மடிக்க வராது. மூலைக்கு ரெட்டைப் பட்டையா வெக்கச் சொல்லு."

"நீங்களே வந்து வெப்பீங்க, போங்க்கா" என்றேன். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் கட்டுப் பிரிக்க நர்ஸ் வந்தாள். பிளாஸ்திரியை எடுத்தாள். ஊரில் உள்ள தையலையெல்லாம் குனிந்து பார்த்தவர், தன் தையலைப் பார்க்கப் பயந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அம்மிணி, நீ பாத்துச் சொல்லு. எப்படி இருக்குது?"

நான் குனிந்து பார்த்தேன். "நல்லா இருக்குதுங்க்கா."

"நல்லான்னா? வளையாம போயிருக்குதா?"

"ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்குதுங்க."

"நூலு மேல தெரியுதா?"

"ஒண்ணுகூடத் தெரியலீங்க. எல்லாம் உள்ளயே போயிருச்சு."

அவர் முகத்தில் இறுக்கம் கொஞ்சம் குறைந்தது. கண்ணை மட்டும் திறக்கவில்லை.

அடுத்த நாள் வேறு பிரச்சினை. நைட்டி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். ஐம்பத்திரண்டு வயதுவரை போடாததை இப்போதும் போட மாட்டேன் என்று அடம்பிடித்துச் சேலையே கட்டினார். உள்பாவாடை நாடா சரியாகப் போய்த் தையல் மேல் உட்கார்ந்தது. எழுந்து நான்கு எட்டு நடந்ததுமே, "ஒரசுது, ஒரசுது" என்று கத்திக்கொண்டு படுக்கைக்கே திரும்பிவிட்டார். அன்று மாலை மாமா வந்தபோது அவருடைய பழைய வேட்டி ஒன்றையும் ஊசி நூலையும் கொண்டுவரச் சொன்னார். மறுநாள் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்தபடி, வேட்டியை நாலாக மடித்து, நான்கு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை தைத்தார். நாடாவை உருவிவிட்டு அந்தப் பட்டையைப் பாவாடையோடு சேர்த்தார். தையலை விட்டு மேலே ஏற்றி, பக்கவாட்டில் முடிச்சு வைத்துக் கட்டிக்கொண்டு, வார்டில் ஒரு சுற்று நடந்து வந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

வார்டில் சிசேரியன் ஆன பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஒவ்வொருத்தியாக வந்து, "எங்களுக்கும் ஒண்ணு வேணுங்க்கா" என்றார்கள். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் வருத்தம். என் இரண்டு பிரசவமும் சிசேரியன்தான். அந்த நாடா உரசி உரசி நான் மாதக்கணக்கில் பட்ட பாட்டுக்கு இப்படி ஒரு வழி இருக்கிறது என்று அப்போது யாரும் சொல்லவில்லை. மாமா மேலும் இரண்டு வேட்டிகளைப் பறிகொடுத்தார். நர்ஸ் மிரட்டிப் பார்த்தாள். பிறகு அவளும், பிரசவமாகி வீட்டில் இருக்கும் தன் தங்கைக்கென்று ஒன்று வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரம்மா வந்து பார்த்தார். மாத்திரைகளைப் பற்றியெல்லாம் சொல்லி முடித்ததும் அக்கா கேட்டார்:

"நூலு பிரிக்கறதுக்கு எப்பங்க வரோணும்?"

"பிரிக்கவே வேண்டாம்மா. அது தானா கரைஞ்சிடும்."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்தார்.

"கரையற நூலுலயா தெச்சீங்க?"

"ஆமா."

"தெரிஞ்சேவா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. கை தானாக வயிற்றின் மேல் போய்விட்டது. டாக்டரம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, பொறுமையாகச் சொன்னார்: "இது உங்க தார்ப்பாய் மாதிரி இல்லம்மா. உயிருள்ள சதை. கொஞ்ச நாளைக்குச் சேர்த்துப் பிடிச்சு வெச்சா போதும், அதுவே ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டதுக்கு அப்புறம் நூல் எதுக்கு?"

மதியமே நாமக்கல்லுக்குக் கிளம்பினோம். ராசிபுரத்து டிரைவர்தான் தெரிந்தவரிடம் கார் வாங்கி ஓட்டி வந்தார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அக்கா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பயம் அதோடு போகவில்லை. இரண்டு மாதத்தில் கடைக்கு வந்து உட்கார்ந்து, சின்னச் சின்ன வேலைகளைச் செய்ய ஆரம்பித்துவிட்டார். தும்மல் வந்தால் மட்டும் கதை மாறிவிடும். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, வயிற்றைப் பொத்திக்கொண்டு, "நூலு, நூலு!" என்று கத்திவிட்டுத்தான் தும்முவார். பட்டறைக்காரர்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வருவார்கள். மாமா மூக்குப்பொடி போடுவதையே விட்டுவிட்டார்.

ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம் இருக்கும். ஒரு நாள் பதினோரு மணிக்குச் சுவருக்கு மேலிருந்து கூப்பிட்டார். போனேன். என்னை உள்ளே விட்டுவிட்டு ஷட்டரைப் பாதிவரை இறக்கினார். சேலையைக் கொஞ்சம் விலக்கி, முதல் தடவையாக என்னோடு சேர்ந்து அவரும் குனிந்து பார்த்தார். மெல்லிய கோடு ஒன்றுதான் இருந்தது. கட்டைவிரலால் அதைத் தடவினார். பிறகு இரண்டு பக்கத்துத் தோலையும் இரண்டு கையால் பிடித்து, தார்ப்பாயை முடித்ததும் இழுத்துப் பார்ப்பாரே, அதேபோல் வெடுக்கென்று ஓர் இழு இழுத்தார். நான் பதறிப் போய், "அக்கா!" என்று கையைப் பிடித்தேன்.

ஒன்றும் ஆகவில்லை.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஷட்டருக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நூலே இல்லாம நிக்குது அம்மிணி. வெளிய ஆருகிட்டயும் சொல்லிராத. அப்பறம் கடைக்கு ஒருத்தனும் வர மாட்டான்."